பரணில் இருப்பதற்கு என்ன விலை? டெல்டா வீட்டுப் பழம்பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய பாத்திரம், காசு, படம் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நான் வியாபாரி இல்லை. ஆனாலும் யார் வீட்டில் பரண் ஒழித்தாலும் எனக்கு ஒரு போன் வரும். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

பாட்டி வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரம் நிறைய இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

பெரும்பாலானவற்றுக்கு எடை விலைதான் கிடைக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்டா, குடம், தவலை எல்லாம் கல்யாணச் சீராக வீட்டுக்கு வீடு வந்தவை. அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் மொத்தமாக மூட்டை கட்டி அனுப்புவதற்கு முன்னால் ஒரு மத்தியான நேரம் ஒதுக்கிப் பிரித்துப் பாருங்கள்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். கீழே விழுந்தால் பித்தளை நெளியும், வெண்கலம் விரிசல் விடும். அதனால்தான் விரிசல் இல்லாத வெண்கலப் பானைக்கும் உருளிக்கும் எடைக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு கிடைத்தால் அது வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிடாதீர்கள், 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், கூஜா, தூக்கு விளக்கு, படி, மரக்கால் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். எடை குறைவு, வேலைப்பாடு அதிகம். எடைக்கடையில் இவற்றுக்கு நியாயம் கிடைக்காது.

எவர்சில்வர் வந்த புதிதில் வாசலுக்கு வந்த வியாபாரியிடம் என் அம்மா ஒரு வெண்கல உருளியைக் கொடுத்து இரண்டு டிபன் கேரியர் வாங்கினார். இன்றைக்குக் கேட்டாலும் அது லாபம்தான் என்பார். உருளியைத் தூக்கித் தேய்த்தவர் அவர், நான் இல்லையே.

ஒரு பாத்திரம் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெயரைத் தேடுங்கள். நம் ஊர்ப் பாத்திரத்தில் வாய் விளிம்புக்குக் கீழேயோ அடியிலேயோ சொந்தக்காரர் பெயர் வெட்டியிருக்கும். கடையில் வாங்கிய கையோடு பெயர் வெட்டித் தருவார்கள். பழைய வேலை என்றால் சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்து ஓடும். விரலால் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படும். பிறகு மின்சார எந்திரம் வந்தது. அதில் எழுதியது நடுக்கமான ஒரே கோடாக, மேலோட்டமாக இருக்கும்.

அடுத்து எழுத்தின் வடிவம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா எழுத்துகளில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்துக்கொள்ளும். ‘பிள்ளை’ என்று முடிகிற பெயரில் ளையைப் பாருங்கள், பாதிக் கதை தெரிந்துவிடும். பாதிதான், ஏனென்றால் பழைய எழுத்திலேயே கை பழகியவர் 1985-லும் அப்படித்தான் வெட்டியிருப்பார்.

சிலவற்றில் வருஷமும் இருக்கும். தமிழ் எண்ணில் இருந்தால் நல்லது, ௧ முதல் ௯ வரை கற்றுக்கொள்ள பத்து நிமிஷம் போதும். வருஷத்தின் பெயரைப் போட்டு ௵ என்ற குறி இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என்னிடம் உள்ள ஒரு கூஜாவில் ‘பிரபவ ௵’ என்று இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு பிரபவ: 1867, 1927, 1987. எழுத்து பழைய வடிவம், புள்ளி வெட்டு; அதனால் 1987-ஐத் தள்ளிவிட்டேன். 1867-ஆ 1927-ஆ? கூஜாவின் மூடியில் திருகு மரை இருக்கிறது. மரையின் இழைகள் கடைசல் எந்திரத்தில் வெட்டியது போல ஒரே சீராக இருக்கின்றன. 1927 என்று எழுதி வைத்திருக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம், ஆனால் எதனால் அப்படி நினைத்தேன் என்பதும் கூடவே எழுதியிருக்கிறது.

பெயர், எழுத்து இரண்டும் இல்லையென்றால் செய்த முறையைப் பாருங்கள். தகட்டை அடித்துச் செய்த பழைய தவலையில் சுத்தியல் தட்டுகள் வரிசையாகத் தெரியும். இரண்டு தகட்டைப் பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்த கோடு சிலவற்றின் வயிற்றில் ஓடும். அச்சில் அழுத்திச் செய்ததில் இது எதுவும் இருக்காது.

நூறு வருஷத்துக் குத்துவிளக்கு என்று விற்கிறார்கள். நம்பலாமா?

நான் நம்பினேன், நஷ்டப்பட்டேன். ஒரு கடையில் ஐந்து முக விளக்கு ஒன்று, உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஜமீன் வீட்டுச் சாமான் என்றார்கள். வீட்டுக்கு வந்து அடிப்பாகத்தைத் திருகிக் கழற்றினேன். உள்ளே கடைசல் கோடுகள் புதுசு கருக்குலையாமல் பளபளத்தன. வெளிப்பக்கம் மட்டும் கிழவி, உள்ளே குமரி. உப்பும் புளியும் பூசி ஈர மண்ணில் சில வாரம் புதைத்தால் அந்தப் பச்சை வந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நாச்சியார்கோயில் விளக்கு அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து மரையில் கோப்பது. அதனால் விற்பவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கள். கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். உண்மையாகவே எரிந்த விளக்கில் திரி மூக்கின் உள்பக்கம் எண்ணெய் பிசினாகக் கெட்டியாகியிருக்கும். மூக்கின் நுனி தேய்ந்து மழுங்கியிருக்கும். வாரா வாரம் தேய்த்த கையின் அடையாளமும் உண்டு. கைக்கு எட்டுகிற தண்டில் வளையங்கள் வழுவழுப்பாகும், விரல் நுழையாத இடுக்கில் கூர்மை அப்படியே இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

புழங்குகிற பாத்திரத்தைத் தாராளமாகத் தேய்க்கலாம். காசைத் தேய்க்கவே கூடாது. விற்பதற்கு முன்னால் பளிச்சென்று இருக்கட்டும் என்று காசைப் புளியில் ஊறப்போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஐநூறு ரூபாய்க்குப் போகவேண்டியது ஐம்பதுக்குப் போகாது, நாணயம் சேர்ப்பவர் கையால் தொடமாட்டார். செம்பின் மேல் படிந்த கரும்பழுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். தொட்டால் உதிரும். அது களிம்பு அல்ல, உப்பினால் வந்த அரிப்பு. விட்டால் பொருளைத் தின்றுவிடும். அந்தப் பொருளைத் தனியாக, ஈரமில்லாத டப்பாவில் வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளேயே வியர்த்துவிடும்.

‘உபயம்’ என்று வெட்டிய விளக்கு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். உபயம் என்றால் யாரோ கோயிலுக்குக் கொடுத்தது. கொடுத்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் சுவாமி பெயரும் இருக்கும். அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு நல்ல பதில் இருக்க முடியாது. தட்டு, மணி, திருவாசி, தூபக்கால் எதுவானாலும் இதே கதைதான்.

விக்கிரகம் என்றால் இன்னும் கவனம். டெல்டாவின் சிலைகள் எங்கெங்கோ போய் வந்திருக்கின்றன. கும்பகோணம் அருகே சிவபுரம் நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நகலை வைத்துவிட்டு அசலைக் கடத்தினார்கள். அது அமெரிக்கா போய் 1986-ல்தான் திரும்பியது. பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, கைமாறி லண்டன் போய், அங்கே வழக்கு நடந்து 1991-ல் வந்து சேர்ந்தார். தமிழகக் காவல்துறையில் சிலைக் கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மலிவாக வருகிறதே என்று வாங்கினால் சிலையும் போகும், பணமும் போகும், நிம்மதியும் போகும். ஆசையாக இருந்தால் சுவாமிமலைக்குப் போய் ஸ்தபதியிடம் புதுசு வார்க்கச் சொல்லுங்கள், ரசீதோடு வீட்டுக்கு வரும்.

வீடு கட்டத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்?

நம் நிலம், நம் புதையல் என்பது கதையில் மட்டும்தான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றுவரை பத்து ரூபாய்தான். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்வார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. எந்தக் குழியில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிடைத்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கழுவாமல் வைத்திருங்கள்.

எந்தப் பழைய காசுக்கு மதிப்பு அதிகம்?

பழசு என்பதற்காக விலை வராது. ராஜராஜன் பெயர் போட்ட செப்புக்காசு ஆயிரம் வருஷத்துப் பொருள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ. ஆனால் அது எக்கச்சக்கமாக அடிக்கப்பட்டது. தேய்ந்த காசு ஒன்றைப் பள்ளிக்கூடப் பையன்கூட வாங்கிவிடலாம். 1835 கால் அணாவும் அப்படித்தான்.

வெள்ளி ரூபாய்க்குக் கணக்கு எளிது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி, ஏறக்குறைய 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை கிடைத்துவிடும். அதற்குக் கீழே கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே இல்லை.

அடிவிலைக்கு மேலே போவது வருஷத்தையும் நிலையையும் பொறுத்தது. 1911 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. பன்றி போட்ட காசா என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியிடுவதை நிறுத்திப் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். மறுவருஷம் யானையைத் திருத்தி அடித்தார்கள். தாத்தா பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்து முதலில் வருஷத்தையும், பிறகு அந்த யானையையும் பாருங்கள்.

டெல்டாக்காரர்களுக்கே உரிய ஒரு கிளை உண்டு: தரங்கம்பாடி காசு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் வந்தார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் அடித்த சின்னச் சின்ன ஈய, செப்புக் காசுகளில் கிரீடத்துக்கு அடியில் அவர்கள் மன்னர் பெயரின் முதலெழுத்து பின்னியிருக்கும். கண்ணுக்குப் பொத்தான் மாதிரி தெரியும் என்பதால் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் சேர்த்ததில் எனக்குப் பிடித்தவை இவைதான், விலைக்காக இல்லை.

1818-ஆம் வருஷ ராமர் காசு, டிராக்டர் நோட்டு, இரிடியம்?

மூன்றும் மோசடி. கிழக்கிந்தியக் கம்பெனி ராமர், அனுமார் படம் போட்டு 1818-ல் காசு அடிக்கவே இல்லை; அவை பிற்காலத்தில் செய்த வில்லைகள். அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். கோபுரக் கலசத்தில் இரிடியம் என்பதும் அதே கூட்டத்தின் சரக்கு.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு லட்சத்துக்குப் போகும் என்று செல்போனில் வருவதற்கும் அடிப்படை கிடையாது. நோட்டை வாங்கிக்கொள்கிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, தாங்கள் இப்படிப் பழைய நோட்டு, நாணய வியாபாரம் செய்வதில்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று அறிக்கை விட்டது. ஒரு கணக்கு போதும்: விற்கிறவர்தான் பணம் வாங்க வேண்டும், கட்டக்கூடாது.

பழைய தஞ்சாவூர் ஓவியத்தை எப்படி அடையாளம் காண்பது?

முன்பக்கத்தை விடுங்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பழையது மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசி, அதன் மேல் வரைந்தது. பிளைவுட்டின் அடுக்குகள் ஓரத்தில் தெரிந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பலகையில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் அவை பலகையில் தாறுமாறாக இருக்கும், துரப்பணம் போட்ட மாதிரி நேராக ஒரே அளவில் இருக்காது.

முன்பக்கம் வந்தால், தங்க ரேக்கு பழையதில் அமைதியாக மின்னும், கண்ணைக் குத்தாது. மேலே மேடாக்கிய சுண்ணாம்புப் பூச்சில் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடியிருக்கும். புகையும் டீத்தண்ணீரும் காட்டிப் பழசாக்கியதில் கறை எல்லா இடத்திலும் சமமாக இருக்கும். உண்மையில் பூஜையறையில் இருந்தது என்றால் விளக்கு எரிந்த கீழ்ப்பக்கமோ ஒரு ஓரமோ மட்டும் கறுத்திருக்கும்.

ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. உள்ளே இருப்பது சுண்ணாம்பும் பசையும், ஊறிப் பெயர்ந்துவிடும். தெரிந்த வீட்டில் ஒரு கிருஷ்ணருக்குப் பொங்கலுக்கு முதல் நாள் இப்படித்தான் கன்னம் போனது.

ரவிவர்மா படம்?

பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசையாகப் பூப்போல அமைந்த வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் அச்சு. பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போல இருக்கும். ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அவர் 1906-ல் காலமான பிறகும் அது ஓடியது. ஆகவே அச்சகத்தின் பெயர் இருப்பதால் மட்டும் வயது உறுதியாகாது. பாட்டிமார்கள் புடவைத் துண்டும் சமிக்கியும் வைத்துத் தைத்த படங்கள் உண்டு. சமிக்கியைப் பிரித்துவிடாதீர்கள், அதற்குத்தான் இப்போது ஆள் தேடுகிறது.

தந்தம் பதித்த பழைய வீணை இருக்கிறது. விற்கலாமா?

தந்தம் எவ்வளவு பழையதானாலும் வியாபாரம் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மான் கொம்புக்கும் அதே சட்டம்தான். விளம்பரம் போடுவதற்கு முன்னால் வனத்துறையிடம் கேளுங்கள்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். தாத்தாவின் சாமான்களை எடுத்துப் போகலாமா?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 ஆண்டு கடந்த தொல்பொருளையும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடியையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பரிசாகவும் அனுப்ப முடியாது. பொருள் அவ்வளவு பழையது இல்லை என்றால், தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது; விமான நிலையத்தில் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது. உள்நாட்டில் வீட்டில் வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் 100 ஆண்டு கடந்த சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் தேவை.

விலையை யாரிடம் கேட்பது?

வாங்க வந்திருப்பவரிடம் கேட்காதீர்கள், அவர் கேட்கும் விலை அவர் லாபத்துக்குப் பிறகான விலை. காசு என்றால் நாணய ஏலங்களில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் கேட்பு விலைக்கு அர்த்தம் இல்லை, பத்து வருஷமாக அதே விலை அங்கேயே இருக்கும். பாத்திரம், மரச்சாமான் என்றால் குறைந்தது இரண்டு கடையில் வாங்குபவராகப் போய் அதே மாதிரிப் பொருளின் விலையைக் கேளுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் தெருவாகவே இருக்கின்றன, ஒரு நாள் போய் வந்தால் கண் பழகிவிடும். நீங்கள் விற்கும்போது அதில் பாதி கிடைத்தாலே நல்ல வியாபாரம்.

கதைக்கும் விலை உண்டு, ஆனால் எழுதி வைத்த கதைக்குத்தான். யார் வீட்டிலிருந்து, யார் கல்யாணத்துக்கு, எந்த வருஷம் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போடுங்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால்?

விலை பேசாதீர்கள், பிரித்துப் பார்க்கவும் அவசரப்படாதீர்கள், ஓலை நொறுங்கும். பெரும்பாலும் ஜோதிடமோ வைத்தியமோ கணக்கோ இருக்கும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்ட ஊர் இது. அந்தப் பழக்கம் நம்மோடு நிற்கட்டும்.

கையில் பணம் குறைவு. எதிலிருந்து தொடங்குவது?

அளவைகளிலிருந்து. ஆழாக்கு, உழக்கு, உரி, படி: எட்டு ஆழாக்கு ஒரு படி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல் விளைந்த ஊர் என்பதால் பழைய இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. அரசு முத்திரை குத்தியது, பித்தளைப் பட்டை போட்ட மர மரக்கால், குத்தகைக்காரர் பெயர் வெட்டியது என்று ரகம் ரகமாக உண்டு. வாங்கியதும் அரிசியைக் கொட்டி அளந்து பாருங்கள். எனக்கு வந்த ஒரு படி ஏழு ஆழாக்குதான் பிடித்தது. அடியில் உள்பக்கமாக ஒரு தகடு வைத்துப் பற்றியிருந்தது. எந்தக் கடையில், யாருக்கு அளந்ததோ தெரியவில்லை, பெயரை மட்டும் நன்றாகச் சுரண்டிவிட்டிருந்தார்கள்.